நாற்பது நிமிட ஆட்டமும் முப்பது வருட உத்தியோகமும்

அனிதா பால்துரை இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்காக 18 ஆண்டுகள் ஆடியவர். சென்னைப் பெண். 11 வயதில் கூடைப்பந்துக்கு வந்தார், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவியானார். 2001 தொடங்கி 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் களமிறங்கினார். இடையில் குழந்தை பெற்று, மீண்டும் உடலைத் தயார்செய்து அணிக்குத் திரும்பினார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75–73 என்று வென்று ‘ஏ’ பிரிவுக்கு ஏறியபோது அந்த அணியில் அவரும் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இவ்வளவு நீண்ட ஆட்ட வாழ்க்கையில் அவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது ஏதாவது ஒரு லீக்கா என்றால் இல்லை. தெற்கு ரயில்வே கொடுத்தது. தமிழ்நாட்டில் கூடைப்பந்தை நம்பி வாழ நினைக்கும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் பக்கம் ‘தொழில்முறை வீரர்’ என்பவர் பெரும்பாலும் ரயில்வே, வங்கி, வருமான வரி, சுங்கம், போலீஸ், ராணுவம் என ஏதோ ஒரு துறையின் ஊழியர். ஆட்டம் 40 நிமிடம். உத்தியோகம் 30 வருடம். இந்த ஏற்பாட்டைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. என் கணிப்பு வேறு. இந்தியக் கூடைப்பந்தில் இதுவரை நின்று நிலைத்த வாழ்க்கைகளைத் தந்தது இந்த ஏற்பாடு மட்டுமே. கள்ளக்குறிச்சி போன்ற ஒரு மாவட்டத்துப் பிள்ளைக்கு, அதிலும் கல்வராயன் மலைப் பிள்ளைக்கு, எட்டக்கூடிய வழியும் இதுவே. ஆனால் அந்த ஏணியின் முதல் படி அங்கே தரையைத் தொடவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிற்றூர். அங்கே 1995இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சத்னாம் சிங். பத்து வயதை ஒட்டி அவரை லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார்கள். அங்கே அவரை வார்த்தவர் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர். 2010இல், 14 வயதில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு உதவித்தொகையுடன் அனுப்பப்பட்ட சில இந்தியப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். போகும்போது ஆங்கிலம் தெரியாது. 2015 ஜூன் 25 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் டிராஃப்டில், அதாவது வீரர் தேர்வில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அப்படித் தேர்வானது அதுவே முதல்முறை. ஏழடி இரண்டு அங்குல உயரத்தில் நின்ற அந்த 19 வயது இளைஞரைப் பற்றி ஆவணப்படமே வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. என்.பி.ஏ.வின் முறையான லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். களத்தில் கிடைத்த நிமிடங்கள் மிகக் குறைவு. பிறகு கனடா லீக்கில் கொஞ்ச காலம். 2020 டிசம்பரில் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டாண்டுத் தடை. 2021இல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தமானார். 26 வயது நிரம்புவதற்குள் கூடைப்பந்து வாழ்க்கை கையை விட்டுப் போயிருந்தது.

இதைத் தோல்விக் கதையாக நான் சொல்லவில்லை. பல்லோ கேயிலிருந்து டல்லாஸ் வரை போவதென்பது கோடியில் ஒருவருக்குக் கிடைப்பது. ஆனால் நம் மாவட்ட நிர்வாகிகளும் பெற்றோரும் ‘கூடைப்பந்து வாழ்க்கை’ என்றதும் இந்தப் படத்தையே மனதில் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் ஏழடிப் பிள்ளையைத் தேடத்தான் தோன்றும். அனிதாவின் வழியைப் பார்த்தால் ஆயிரம் பிள்ளைகளை விளையாட வைக்கத் தோன்றும்.

இந்தியாவில் லீக்குகள் வராமல் இல்லை. 2010இல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. நாடு தழுவிய பெரிய லீக் ஒன்று பிறக்கும் என்ற பேச்சு பத்தாண்டு ஓடி அடங்கியது. 2015இல் வந்த யு.பி.ஏ. லீக்கில் சென்னை ஸ்லாம் என்ற அணி இருந்தது. அந்த லீக் சில பருவங்களோடு நின்றது. 2022இல் ஐ.என்.பி.எல். தொடங்கியது, சென்னை ஹீட் உள்பட ஆறு நகர அணிகள் ஆடின. ஒவ்வொன்றும் இளைஞர்களுக்குச் சில வாரங்கள் வெளிச்சமும் கொஞ்சம் பணமும் தந்தது, அது நல்லதுதான். ஆனால் வருடத்தில் மிச்சமுள்ள மாதங்களுக்கு அரிசி வாங்குவது எப்படி என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. கபடி வேறு. 2014இல் தொடங்கிய புரோ கபடி நிலைத்து நின்று, கிராமத்து இளைஞன் வீடு கட்டுமளவுக்கு ஏலத்தொகை தந்தது. அந்த நிலைக்குக் கூடைப்பந்து இன்னும் வரவில்லை.

ஆகவே மிஞ்சுவது டிபார்ட்மெண்ட் டீம், அதாவது ரயில்வே, வங்கி போன்ற துறைகளின் அணி. அது எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே பலருக்குத் தெரியாது. மாநில அணிக்குத் தேர்வாகி நேஷனல்ஸ் ஆடியிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழக அணியில் அகில இந்தியப் போட்டியில் இடம் பிடித்திருக்க வேண்டும். கையில் அந்தச் சான்றிதழ்கள் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கலாம். பிறகு டிரையல்ஸ். அணிக்கு அப்போது பந்தைக் கொண்டு போகும் கார்டு வேண்டுமா, ரிங்குக்கு அடியில் நிற்கும் சென்டர் வேண்டுமா என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். திறமையான பிள்ளை இடம் இல்லாததால் திரும்புவது வழக்கமாக நடப்பதே. வேலை கிடைத்துவிட்டால் காலையில் அலுவலகம், மாலையில் பிராக்டிஸ். கேம்ப்புக்கும் போட்டிக்கும் சிறப்பு விடுப்பு. முப்பத்திரண்டு வயதில் முழங்கால் போய்விட்டாலும் சம்பளம் நிற்காது. பதவி உயர்வும் உண்டு, ஓய்வுக்காலமும் காப்பாற்றப்படும். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்கியிருக்கும் 3 சதவீதமும் இந்த வழியில் சேரும்.

இந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியேயும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோட்டயத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸ் சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். அங்கிருந்தே ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்குப் போய் ஆடினார்; அந்த நாட்டில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே. 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்று அவரை டிரையல்ஸுக்கு அழைத்தன. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பினார், வேலை இருந்தது, அணி இருந்தது, தொடர்ந்து இந்தியாவுக்கு ஆடினார். தோற்றாலும் வந்து நிற்க ஓர் இடம் இருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் துணிந்து போக முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி மலைக்கு வருவோம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழுவது கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள், சேலம் பக்கமும் அதற்கு ஒரு சரிவு உண்டு. கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் வெள்ளிமலை. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் என்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பூமி. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த இந்த மலை 1976இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலையாகி 29 ஆண்டுகள் கழித்து! சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அந்தத் தாமதத்தின் வட்டியை இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மலையின் பெயர் செய்தியில் வருவது இப்படியான நேரங்களில்தான்.

இந்த இடத்தில் கூடைப்பந்து பேசுவது பொருத்தமா என்று கேட்கலாம். பொருத்தமே. விளையாட்டு வழியாக வரும் அரசு வேலை ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் நிமிர்த்தக்கூடியது. பிழைப்புக்காக எஸ்டேட் வேலைக்கும் வெளிமாநிலத்துக்கும் போய் வரும் பெற்றோரின் பிள்ளைக்கு அதைவிட உறுதியான கதவுகள் அதிகம் இல்லை.

ஆனால் ஆட்டத்தின் அளவுகளைப் பாருங்கள். கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வாலிபால் 18க்கு 9. கூடைப்பந்துக் கோர்ட் 28க்கு 15, அதாவது 420 சதுர மீட்டர்; கபடிக் களத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மலைச் சரிவில் அவ்வளவு பெரிய சமதளம் தானாக அமையாது, வெட்டி நிரவ வேண்டும். சமதளம் கிடைத்தாலும் மண் உதவாது. கபடிக்கு மண் போதும், வாலிபாலில் பந்து தரையைத் தொடவே கூடாது. கூடைப்பந்தின் உயிரோ தரையில்தான் இருக்கிறது.

ஒரு லே-அப்பை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பந்தைத் தட்டியபடி ஓடி வருகிறாள். கண் பந்தில் இல்லை, பத்தடி உயரத்து ரிங்கில் இருக்கிறது. தட்டிய பந்து எந்த உயரத்துக்கு, எந்தக் கணத்தில் திரும்பி வரும் என்பது உள்ளங்கைக்குத் தெரியும். அதைப் பிடித்து வலக்கால், இடக்கால் என்று இரண்டே எட்டு, எழும்பல், போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் மூலையில் பந்தை மெல்ல வைத்தல். இது ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரி நடந்து கைக்குள் ஏற வேண்டும். மண் தரையில் ஒரு சிறு கல் போதும், பந்து பக்கவாட்டில் தெறிக்கும். உடனே பிள்ளை குனிந்து பந்தைப் பார்க்கத் தொடங்குகிறாள். அந்தப் பழக்கம் ஒரு வருடம் ஊறிவிட்டால் பிறகு எந்தப் பயிற்சியாளராலும் அவள் தலையை நிமிர்த்துவது கடினம். மழை பெய்தாலோ சேற்றில் பந்து எழும்பவே எழும்பாது. சிமெண்ட் தளம் என்பது இந்த ஆட்டத்தில் வசதிக்காகக் கேட்பது அல்ல.

எந்தக் கிராமத்துக்கும் ஏழடி ஆள் வாய்ப்பது அரிது. சராசரி உயரமுள்ள பிள்ளை கூடைப்பந்தில் கார்டாகத்தான் வர முடியும். பந்தைக் கொண்டு போகிறவர், ஆட்டத்தை நடத்துகிறவர். கார்டுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல் பேச வேண்டும், அது பத்து, பதினொரு வயதில் தொடங்கினால்தான் படியும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்கள் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் பிள்ளைகளைத் தேர்வு செய்கின்றன. சாப்பாடு, தங்குமிடம், சீருடை, பயிற்சி எல்லாம் அரசு செலவு. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த செலக்‌ஷனுக்கு வரும் பிள்ளை அதற்குள் கோர்ட்டில் சில வருடம் கழித்திருக்க வேண்டும். கோயம்புத்தூர், சென்னைப் பள்ளிகளின் பிள்ளைகள் கழித்திருப்பார்கள். மலைப் பிள்ளை அன்றைக்குத்தான் ரிங்கையே பார்க்கும் என்றால் அது எப்படிப் போட்டியாகும்?

இதற்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது. அது பலருடைய வாழ்க்கையில் நடந்திருப்பதால் ஊகமாக ஒதுக்க முடியாது. அனிதா முதலில் ஓட்டத்திலும் வாலிபாலிலும் ஆர்வம் காட்டியவர். கீத்து வாலிபாலிலிருந்து வந்தவர். சத்னாமுக்குப் பிறகு லூதியானா அகாடமியும் நொய்டாவின் என்.பி.ஏ. அகாடமியும் வளர்த்து, 2020இல் அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணிக்குப் போன பஞ்சாபின் பிரின்ஸ்பால் சிங்கும் வாலிபால் பக்கமிருந்து திருப்பிவிடப்பட்டவரே. இது தற்செயல் இல்லை. ஸ்மாஷ் அடிக்க ஓடி வந்து எழும்பும் கணக்கும் ரீபவுண்டுக்கு எழும்பும் கணக்கும் ஏறக்குறைய ஒன்று. வலைக்கு மேல் பிளாக் போடக் கற்ற கை, ரிங்குக்கு அடியிலும் பிளாக் போடும். உயரமான, துள்ளும் கால்களையுடைய பிள்ளை 13, 14 வயதில் மாறினாலும் ஃபார்வர்டாக, சென்டராக வர முடியும்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களில் மாலையானால் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி வாலிபால் ஆடாத ஊர் குறைவு. ஆக, தேடுகிறவர்கள் கூடைப்பந்து செலக்‌ஷனுக்கு யார் வருகிறார்கள் என்று கோர்ட்டில் உட்கார்ந்து காத்திருப்பதைவிட, அந்த வாலிபால் களங்களுக்குப் போய் ஓர் ஓரமாக நின்று பார்க்கலாம். உயரப் பிள்ளைகளுக்கு இந்த வழி. மற்றப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே கோர்ட். இரண்டும் வேண்டும்.

கோர்ட்டை எங்கே போடுவது என்பதில் எனக்கு ஐயமில்லை: உண்டு உறைவிடப் பள்ளிகளில். மலையின் குடியிருப்புகள் சிதறிக் கிடப்பவை; மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் காட்டுவழியே வீடு போய்ச் சேர வேண்டிய பிள்ளை பிராக்டிஸுக்கு நிற்காது. உறைவிடப் பள்ளிப் பிள்ளை நிற்கும். இரவுச் சாப்பாடும் அங்கேயே. விளையாட்டு விடுதி ஒன்றைப் புதிதாகக் கட்டினால் என்னென்ன வேண்டுமோ அதில் பாதி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரிப் பள்ளியும் இருக்கிறது. அந்தத் திட்டமே பழங்குடிப் பிள்ளைகளின் விளையாட்டுத் திறனுக்கு இடம் தருவது. இல்லாதது தளமும் ரிங்கும் முழுநேரக் கூடைப்பந்துப் பயிற்சியாளரும். பள்ளியின் பி.டி. வாத்தியாருக்குத் தடகளம் முதல் சதுரங்கம் வரை பத்து விளையாட்டு. அவரையே இதற்கும் பொறுப்பாக்கினால் மூன்று மாதத்தில் ரிங்கில் வலை கிழிந்து தொங்கும், மாற்றுவதற்கு ஆள் இருக்காது.

சிறிய ஊரால் இந்த ஆட்டத்தைத் தாங்க முடியுமா என்ற சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் பெரியகுளம். அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி.சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியப் போட்டியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகிறது. கோடையில், மே மாதத்தில், மின்னொளியில் ஆட்டம். ராணுவம், கடற்படை, வங்கி, மின்வாரியம் என்று நாட்டின் பெரிய டிபார்ட்மெண்ட் அணிகளெல்லாம் ஒரு சிறு நகரத்துக்கு வந்து இறங்குகின்றன. ஊர் மக்கள் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்தக் கேலரியில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை, இந்திய அணிக்கு ஆடுகிறவர் எப்படி வியர்க்கிறார், எப்படி ஃப்ரீ த்ரோவுக்கு முன் மூச்சை இழுத்து விடுகிறார் என்பதை இருபதடி தூரத்தில் காண்கிறது. விளையாடி வேலை வாங்கலாம் என்பதை அதற்கு யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. வேலை வாங்கியவர்களே எதிரில் ஆடுகிறார்கள்.

பெரியகுளத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நிலத்தில் பெரிய வேறுபாடில்லை. இரண்டும் மலையடிவாரம், இரண்டும் விவசாயத்தை நம்பிய ஊர். வேறுபாடு ஊர்க்காரர்கள் சிலர் அறுபது வருடம் விடாமல் ஒரு போட்டியை நடத்தியதில் இருக்கிறது. தமிழகத்துக்கு இந்த ஆட்டம் வந்து நூறாண்டு தாண்டிவிட்டது. 1891இல் கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டின் ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் போன இடமெல்லாம் கோர்ட் முளைத்தது. நிலைத்தது, ஊர் தோள் கொடுத்த இடங்களில் மட்டும்.

கள்ளக்குறிச்சிக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. வீரர்களுக்கு அதிகம் வேலை தரும் துறை ரயில்வே. மாவட்டத் தலைநகருக்கோ ரயில் வசதி பல்லாண்டு இழுபறி. சின்னசேலத்திலிருந்து போட வேண்டிய பாதை சுமார் 16 கிலோமீட்டர்தான், அதற்கே அவ்வளவு காலம். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் பஸ்ஸிலேயே இரவைக் கழித்து, காலையில் அப்படியே களத்தில் இறங்குவார்கள். முதலமைச்சர் கோப்பை போன்ற மாநிலப் போட்டிகளில் இப்போது நல்ல பரிசுத்தொகை தருகிறார்கள். மாநில இறுதி வரை வந்தவர்களுக்கு அது கிடைக்கிறது. மாவட்ட அளவிலேயே நிற்கும் அணிக்குத் தேவைப்படுவது பரிசு அல்ல, பஸ் கட்டணமும் ஷூவும்.

ஷூ பற்றி இரண்டு வார்த்தை. சிமெண்ட் தளத்தில் ஆடும் கூடைப்பந்து முழங்காலையும் கணுக்காலையும் அரைத்துவிடும். குதித்து இறங்கும்போது உடல் எடையின் பல மடங்கு அங்கே விழுகிறது. நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கும் காசு மலைக்குடும்பத்தில் பல நாள் கூலி. வளரும் பிள்ளைக்கு எட்டு மாதத்தில் அது பத்தாமல் போகும். கோர்ட் திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஆண்டுதோறும் ஷூவுக்கும் பந்துக்கும் ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். வெளித்தளத்தில் ரப்பர் பந்து தினமும் ஆடினால் சில மாதத்தில் வழுக்கத் தொடங்கும், வழுக்கும் பந்தில் கை பழகாது.

எனவே நான் கேட்பது பெரிய அரங்கம் இல்லை. வெள்ளிமலையில் ஓர் உறைவிடப் பள்ளியில் இரண்டு சிமெண்ட் கோர்ட்டுகள். அவற்றில் ஒன்றில் ரிங்கின் உயரத்தை எட்டரை அடிக்கு இறக்கிவைக்க வேண்டும்; பத்து வயதுப் பிள்ளை பத்தடி ரிங்குக்கு எறிந்தால் தோளிலிருந்து வீசவே பழகும், சரியான ஷூட்டிங் வராது. அங்கே ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றப்படாத ஒரு பயிற்சியாளர், முடிந்தால் டிபார்ட்மெண்ட் அணியில் ஆடி முடித்தவர். மாணவிகளுக்குப் பெண் பயிற்சியாளர் ஒருவர் இருந்தால் பெற்றோர் வெளியூருக்கு அனுப்பத் தயங்க மாட்டார்கள். அனிதாவே இப்போது பயிற்சி தரும் தகுதி பெற்றவர், அவரைப் போன்றவர்களை விடுமுறைக் கேம்ப்புக்கு அழைக்கலாம். கள்ளக்குறிச்சி நகரில் மே மாதத்தில் ஒரு போட்டி. பெரியகுளத்துக்கு வந்து போகும் அணிகளில் நான்கைக் கூப்பிட்டாலே தொடக்கத்துக்குப் போதும். மலைப் பள்ளிப் பிள்ளைகளை அந்த ஐந்து நாளும் பஸ் வைத்துக் கீழே இறக்கிக் கேலரியின் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

இந்த ஜூனில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு 11 வயது. ஒன்பதாம் வகுப்புக்கான ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கு அதற்கு மூன்று வருடம் இருக்கிறது, பதினொன்றாம் வகுப்புக்கு ஐந்து. டெண்டர், தளம், பயிற்சியாளர் நியமனம் எல்லாம் முதல் வருடத்துக்குள் முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வருடப் பயிற்சியாவது கிடைக்கும். மூன்றாவது வருடத்துக்குத் தள்ளிப்போனால் ஒன்பதாம் வகுப்பு செலக்‌ஷன் அதற்கு இல்லை.